பாண்ட் படம் எடுக்கிறவங்களுக்கே பாண்ட் சலிச்சுப் போச்சா?

கேள்வி இது தான்: 2025 பிப்ரவரில ஜேம்ஸ் பாண்ட் படங்களோட கன்ட்ரோலை பார்பரா ப்ராக்கோலியும் அவங்க அண்ணன் மைக்கேல் வில்சனும் அமேசான் கையில குடுத்துட்டாங்களே, 60 வருஷத்துக்கு மேல ஒரே குடும்பம் கட்டிக் காத்த சமாச்சாரம், எப்படி மனசு வந்துச்சு, அவங்களுக்கே இன்ட்ரஸ்ட் போயிடுச்சா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன், கதைக்கு அப்புறம் வரேன். என் கணக்குல பார்பராவுக்கு பாண்ட் மேல ஆசை போகல, கூட வந்து உக்காந்த பங்காளி மேல தான் கசப்பு வந்துச்சு. ஆனா பாண்ட் மேலயே நிஜமா இன்ட்ரஸ்ட் விட்டுப்போன ஒரு தயாரிப்பாளர் இருந்தார், ஹாரி சால்ட்ஸ்மேன்னு பேரு, முதல் 9 படத்துலயும் பார்பராவோட அப்பா ஆல்பர்ட் ப்ராக்கோலி பேரு பக்கத்துல இவர் பேரும் வரும், இருந்தும் பாண்ட் ரசிகர்னு சொல்லிக்கிற பல பேருக்கு இவர் யாருன்னே தெரியாது. இவருக்கு வந்த சலிப்பும் அதோட ஒட்டிக்கிட்டு வந்த கடனும் 1975-ல ஒரு கையெழுத்துல போய் முடிஞ்சுது. அந்தக் கையெழுத்தோட வால் நீண்டு நீண்டு வந்து தான் 2022-ல அமேசானை பார்பரா வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துச்சு. அதனால கொஞ்சம் பின்னாடி போகாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது.

1961. பாண்ட் கதைகளை எழுதின இயன் ஃப்ளெமிங்கோட நாவல்களுக்கு 50,000 டாலர் குடுத்து 6 மாச ஆப்ஷன் (அந்தக் கெடுவுக்குள்ள படம் பண்ணிக்கிற உரிமை) வாங்கி வச்சிருந்தார் சால்ட்ஸ்மேன். கனடாக்காரர், சின்ன வயசுல வீட்டை விட்டு ஓடிப்போய் சர்க்கஸ்ல எல்லாம் வேலை பார்த்தவர், அப்புறம் இங்கிலாந்துல தொழிலாளி வர்க்கத்துக் கதைகளைக் கறாரா, பூச்சு இல்லாம எடுத்த படங்களுக்குத் தயாரிப்பாளர். அந்தப் பக்கம் ஆல்பர்ட் ப்ராக்கோலி, எல்லாரும் கூப்பிடுறது கபி (ஆமா, அந்தக் காய் பேரே தான் குடும்பப் பேரு). கபிக்கு ரொம்ப நாளா பாண்ட் மேல கண்ணு, ஆனா அவரோட பழைய பார்ட்னர் இர்விங் ஆலன் இருக்காரே, அவர் ஃப்ளெமிங் முகத்துக்கு நேராவே உங்க புக்கெல்லாம் டிவிக்குக் கூட லாயக்கு இல்லன்னு சொல்லி காரியத்தைக் கெடுத்துட்டார். இதே ஆலன் பாண்ட் ஹிட் ஆனதுக்கு அப்புறம் 1966-ல இருந்து மேட் ஹெல்ம்னு ஒரு ஸ்பை சீரிஸ் எடுத்து ஓட்டினார், அது வேற காமெடி.

சால்ட்ஸ்மேன் கிட்ட ரைட்ஸ் இருக்கு, பணம் போட ஸ்டூடியோ இல்ல, கெடு வேற முடியப் போகுது. கபிகிட்ட ஸ்டூடியோ பழக்கம் இருக்கு, ரைட்ஸ் இல்ல. வுல்ஃப் மான்கோவிட்ஸ்னு ஒரு எழுத்தாளர் ரெண்டு பேரையும் கோர்த்து விட்டார். கபி மொத்தமா வாங்கிக்கிறேன்னு கேட்டுப் பார்த்தார், சால்ட்ஸ்மேன் விக்க மாட்டேன், வேணும்னா பாதிக்குப் பாதி சேர்ந்துக்கலாம்னுட்டார். பிடிச்சுப் போட்ட கூட்டு இல்ல, வேற வழியில்லாம போட்ட கூட்டு, இதை மனசுல வச்சுக்கோங்க. ரெண்டு பேரோட மனைவிமாரும் டேனா, ஜாக்லின், அந்த ரெண்டு பேரையும் ஒட்ட வச்சு உரிமையை வச்சிக்கிற கம்பெனிக்கு டேன்ஜாக்னு பேரு வச்சாங்க, படம் எடுக்கிற கம்பெனி ஈயான் ப்ரொடக்‌ஷன்ஸ். நியூயார்க் போய் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆபீஸ்ல உக்காந்தாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள டீல் முடிஞ்சுது. ஏறக்குறைய 10 லட்சம் டாலர் பட்ஜெட்டுல டாக்டர் நோ, 1962 அக்டோபர் 5 லண்டன்ல ப்ரீமியர்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், 62, 63, 64, 65-னு வருஷத்துக்கு ஒண்ணு, எல்லாமே காசு. கோல்ட்ஃபிங்கர் வந்தப்ப தியேட்டர்ல கூட்டம் தாங்கல. ஒரு தயாரிப்பாளருக்கு இதை விட என்ன வேணும்னு நமக்குத் தோணும். கபிக்கு அப்படித் தான், அவர் பாண்டை விட்டு அசையவே இல்ல, நடுவுல ஒரு பறக்கும் கார் குழந்தைப் படம் (அதுவும் ஃப்ளெமிங் கதை தான்), மத்தபடி அவருக்கு வாழ்க்கையே பாண்ட். சால்ட்ஸ்மேனுக்கு அப்படி ஒரே இடத்துல உக்கார வரல.

எப்போ இருந்து வரலன்னு கேட்டா சட்டுனு 70-கள்னு சொல்லுவாங்க. எனக்கு 1965-லயே தெரியுது. அந்த வருஷம் ஒரு பக்கம் தண்டர்பால், அதுவரைக்கும் வந்த பாண்ட்லயே பெருசு, தண்ணிக்கடியில கும்பலா சண்டை. அதே வருஷம் சால்ட்ஸ்மேன் தனியா எடுத்த படம் தி இப்க்ரெஸ் ஃபைல். மைக்கேல் கெய்ன் தான் ஹீரோ, சோடாபுட்டி கண்ணாடி போட்ட ஸ்பை. படம் ஆரம்பிக்கும்போது அலாரம் அடிக்குது, மனுஷன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு காபிக்கொட்டையை அரைச்சு காபி போடுறான். சம்பளம் எவ்வளவு ஏத்துவீங்கன்னு மேலதிகாரிகிட்ட கேக்குறான், தானே சமைக்கிறான், சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டி தள்ளுறான். பாண்ட் என்னவெல்லாமோ அதுக்கு நேர் எதிர். இதுல வேடிக்கை என்னன்னா செட் போட்டது கென் ஆடம், எடிட்டிங் பீட்டர் ஹன்ட், மியூசிக் ஜான் பேரி, மொத்தமும் பாண்ட் ஆளுங்க. வீட்டுல தினமும் பிரியாணி பண்ற அதே சமையல்காரரைக் கூட்டிட்டுப் போய் பக்கத்துத் தெருவுல ரசஞ்சாதம் கடை போட்ட மாதிரி. எல்லாம் சரியா ஓடிட்டிருக்கிறப்பவே ஒருத்தர் தன் வெற்றிக்கு எதிர்ப்படம் எடுக்கிறார்னா அவருக்கு உள்ளுக்குள்ள என்ன ஓடிட்டிருந்திருக்கும்னு யோசிங்க.

அந்த ஹீரோவுக்குப் பேரு வச்ச கதை கெய்னே பல தடவை சொல்லிருக்கார். அந்தப் படத்தோட மூல நாவல்ல அந்த ஆளுக்குப் பேரே கிடையாது, ரொம்ப சப்புன்னு ஒரு பேரு வேணும்னு சால்ட்ஸ்மேன் கேக்க, கெய்ன் யோசிக்காம "ஹாரி"ன்னுட்டாராம். சொன்ன அடுத்த நொடி தான் எதிர்ல உக்காந்திருக்கிற முதலாளி பேரு என்னன்னு ஞாபகம் வந்து உறைஞ்சு போயிட்டார். சால்ட்ஸ்மேன் கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாராம், ஸ்பைக்கு ஹாரி பாமர்னே பேரும் வச்சாச்சு. இந்த மாதிரி ஆளுங்க கூட இருக்க ஜாலியா இருக்கும், பார்ட்னரா இருந்தா தான் தலைவலி.

அடுத்து பேட்டில் ஆஃப் பிரிட்டன், 1969-ல வந்துச்சு. ரெண்டாம் உலகப் போர் விமானங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், ஜெர்மன் விமானங்களுக்காக ஸ்பெயின் விமானப்படை வரைக்கும் போனார், பல வருஷம் அதுலயே போச்சு. படத்தோட ஆகாயச் சண்டையை இன்னிக்குப் பார்த்தாலும் மிரளும், ஆனா போட்ட காசு வரல. பாண்ட் சம்பாதிச்சுக் குடுக்கும், சால்ட்ஸ்மேன் கொண்டு போய் வேற எதுலயாவது போடுவார். நம்ம ஊர்ல ஒரு ஹிட் குடுத்த தயாரிப்பாளர் அந்தக் காசை எங்கெங்கோ விட்டுட்டு வட்டிக்கு அலையறதைப் பார்த்தவங்களுக்கு இது ஒண்ணும் புதுசா இருக்காது.

பாண்ட் பக்கம் இதுக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே செட்ல நிக்கப் பிடிக்கல. முதல் பாண்டா நடிச்ச ஷான் கானரிக்கும் சால்ட்ஸ்மேனுக்கும் ஆகவே ஆகாது. கடைசில படத்துக்குப் படம் மாத்தி மாத்தி பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க, பேரு மட்டும் ரெண்டு பேருதும் வரும். 1973-ல வந்த லிவ் அண்ட் லெட் டை பெரும்பாலும் சால்ட்ஸ்மேன் பார்த்துக்கிட்டது, ரோஜர் மூரோட முதல் பாண்ட்.

அந்தப் படத்துப் பாட்டுக் கதையைச் சொல்லியே ஆகணும். பால் மெக்கார்ட்னி எழுதி, பாடி, முழு ஆர்கெஸ்ட்ராவோட ரெக்கார்ட் பண்ணி முடிச்ச பாட்டை எடுத்துக்கிட்டு ஜார்ஜ் மார்ட்டின் சால்ட்ஸ்மேன்கிட்டப் போறார். பீட்டில்ஸை உருவாக்கின அதே ஜார்ஜ் மார்ட்டின். சால்ட்ஸ்மேன் முழுசா கேட்டுட்டு, நல்லாருக்கு, சரி இப்போ இதை யாரைப் பாட வைக்கலாம்னு கேட்டாராம். ட்ராக் பாடிக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சுட்டார். கேட்டது பீட்டில்ஸ்காரரோட ஃபைனல் வெர்ஷன். மார்ட்டினுக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அப்புறம் மெக்கார்ட்னி குரல்லயே தான் வரணும்னு எடுத்துச் சொல்லி, அப்படியே வந்து, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. முன்னாடி கோல்ட்ஃபிங்கர் பாட்டும் சால்ட்ஸ்மேனுக்குப் பிடிக்காதுன்னு ஜான் பேரி சொல்லிருக்கார், ஆக இது காது சம்பந்தப்பட்ட பிரச்சனையாவும் இருக்கலாம், சலிப்பு மேலயே எல்லாத்தையும் போட வேண்டாம்.

அடுத்தது தி மேன் வித் த கோல்டன் கன், 1974, பெரும்பாலும் தாய்லாந்துல ஷூட்டிங். இங்க தான் யானை வருது. யானைக்கூட்டம் ஒண்ணு மிரண்டு ஓடுற மாதிரி ஒரு சேஸ் வச்சே ஆகணும்னு சால்ட்ஸ்மேனுக்கு ஒரு ஆசை (பழைய சர்க்கஸ்காரர் இல்லையா). கரடுமுரடான இடத்துல வேலை செய்ற யானைக்கு காலுக்கு ஒரு மாதிரி செருப்பு போடுவாங்கன்னு யாரோ காதுல போட்டிருக்காங்க, உடனே ஆர்டர் குடுத்துட்டார். கதையில யானை சேஸே கிடையாது, கபி அதெல்லாம் வேணாம்னு முடிச்சுட்டார். ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கு ஒரு ஆளு லோடு லோடா யானைச் செருப்போட வந்து நிக்கிறார், சார் சரக்கு ரெடி, பணம்? ஆர்டர் குடுத்த சால்ட்ஸ்மேன் அங்க இல்ல. யூனிட் ஆளுங்க பிற்பாடு பேட்டிகள்ல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க. எனக்கு இதுல யானையை விட முக்கியமாப் படுறது அவர் அங்க இல்லைங்கிறது தான். படம் ஓடிட்டிருக்கு, தயாரிப்பாளர் மனசுல வேற ஒரு படம் ஓடிட்டிருக்கு, ரெண்டும் எங்கயும் சந்திக்கல.

தயாரிப்பாளருக்கு மனசு இல்லன்னா அது ஸ்க்ரீன்ல தெரியுமான்னு கேப்பீங்க. அதே படத்துல ஒரு சீன் இருக்கு, உடைஞ்சு போன ஒரு மரப்பாலம், காரை ஏத்தி அந்தரத்துல ஒரு முழுச் சுத்து சுத்தி அந்தப் பக்கம் நாலு சக்கரத்துலயும் இறக்குவாங்க. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு செஞ்ச ஸ்டன்ட், 1974-ல, ஒரே டேக்ல ஓகே ஆச்சு. பார்க்கிறவன் எழுந்து நின்னு கைதட்ட வேண்டிய இடம். அது மேல கொண்டு போய் "ஊஊய்ய்ய்"னு கோமாளி ஊதுற மாதிரி ஒரு விசில் சத்தத்தைப் போட்டு வச்சிருக்காங்க. போட்டது ஜான் பேரி, அவரே பின்னாடி அதை நினைச்சு வருத்தப்பட்டார். தப்பு அவர் மேல இருக்கட்டும், ஆனா மிக்ஸிங் தியேட்டர்ல உக்காந்து ஏய் அந்தச் சத்தத்தைத் தூக்குன்னு சொல்ற ஆள் யாரு? தயாரிப்பாளர் தான். ஒரு பார்ட்னர் கடன்காரனுக்குப் பதில் சொல்லிட்டிருக்கார், இன்னொருத்தர் அந்தப் பார்ட்னரோட மல்லுக்கட்டிட்டிருக்கார், விசில் அப்படியே ரிலீஸ் ஆயிடுச்சு. முந்தின படம் உலகம் பூரா 16 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிச்சு, இது 10 கோடியைக் கூடத் தொடல.

கடன்னு சொன்னேன்ல. கலர் ஃபிலிம் ப்ராசஸ் பண்ற டெக்னிகலர் கம்பெனியை வளைச்சுப் போடணும்னு சால்ட்ஸ்மேன் கடன் வாங்கி ஷேர் வாங்கினார், உள்ள போய் மேனேஜ்மென்ட்டோட சண்டை, ஷேர் விலை இறங்கிச்சு, கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு. அந்தக் கடனுக்கு ஸ்விஸ் பேங்க்ல அவர் ஈடா வச்சது டேன்ஜாக்ல இருந்த தன் பாதிப் பங்கை. அதாவது பாண்டைக் கொண்டு போய் அடகு வச்சுட்டார். பார்ட்னருக்குத் தெரியாம அப்படி வைக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒப்பந்தம் வேற. பேங்க் கழுத்தைப் பிடிச்சுது. இதே சமயத்துல மனைவி ஜாக்லினுக்கு கேன்சர். இந்த இடத்துல அவரை ரொம்பக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல.

யார்கிட்ட விக்கிறதுன்னு பெரிய இழுபறி, கபிக்குப் புதுசா ஒரு பங்காளி வந்து உக்காரதுல இஷ்டம் இல்ல, சால்ட்ஸ்மேனுக்கு கபிகிட்ட விக்க இஷ்டம் இல்ல. கடைசில 1975-ல யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸே வாங்கிக்கிச்சு. அதுவரைக்கும் பணம் போட்டு ரிலீஸ் பண்ற ஸ்டூடியோவா இருந்தவங்க அந்த நாள்ல இருந்து பாண்டுக்கு வீட்டுப் பங்காளி ஆயிட்டாங்க. 1981-ல அந்த யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸை எம்ஜிஎம்ங்கிற இன்னொரு ஹாலிவுட் ஸ்டூடியோ வாங்கிச்சு. எம்ஜிஎம் அதுக்கப்புறம் யார் யார் கைக்கோ போச்சு, கடன்ல விழுந்துச்சு, திவால் வரைக்கும் போய் எழுந்துச்சு. 2021 மே மாசம் அமேசான் 845 கோடி டாலருக்கு எம்ஜிஎம்மை வாங்கறதா அறிவிச்சு 2022 மார்ச்ல முடிச்சாங்க. நடுவுல டேன்ஜாக் ஷேர்கள்ல சில கைமாத்தம் நடந்து கம்பெனி ப்ராக்கோலி குடும்பத்துக்கே முழுசா வந்துச்சு, ஆனா படங்களோட காப்பிரைட்ல ஸ்டூடியோவுக்கு உள்ள பங்கு அப்படியே நின்னுச்சு, அது தான் அமேசானோட லக்கேஜ்ல சேர்ந்து வந்துது.

சால்ட்ஸ்மேன் போனதும் கபி என்ன செஞ்சார்னு பார்த்தா தான் ஆர்வம்னா என்னன்னு புரியும். கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம் படமே வரல, பாண்ட் முடிஞ்சான்னு எழுதினாங்க. இவர் முந்தின படத்தை விட ரெண்டு மடங்கு பட்ஜெட் வாங்கினார், தி ஸ்பை ஹூ லவ்ட் மீ படத்துக்காக பைன்வுட் ஸ்டூடியோல புதுசா ஒரு ராட்சச ஸ்டேஜே கட்டினார், நீர்மூழ்கிகளை முழுங்கற டேங்கர் கப்பலோட உள்பக்கம் அதுல தான் போட்டாங்க. 007 ஸ்டேஜ்னு அதுக்குப் பேரு. எகிப்துல ஷூட்டிங் நடக்கும்போது வந்த சாப்பாடெல்லாம் கெட்டுப் போய் யூனிட்டே பட்டினி, கபி நேரா சமையல் பண்ற இடத்துக்குப் போய் ஏப்ரன் கட்டிக்கிட்டு அண்டா அண்டாவா ஸ்பகெட்டி செஞ்சு எல்லாருக்கும் தன் கையாலேயே பரிமாறினார், ரோஜர் மூரும் கூட நின்னார், போட்டோ எல்லாம் இருக்கு. ஒரு தயாரிப்பாளர் யானைச் செருப்பு வந்தப்போ ஊர்ல இல்ல, இன்னொருத்தர் சாப்பாடு இல்லன்னதும் கரண்டியைத் தூக்கினார்.

பார்பரா டீன்ஏஜ் பொண்ணா வேலைக்கு வந்தது இந்தப் படத்துல தான், பப்ளிசிட்டி பக்கம். அண்ணன் வில்சன், கபியோட மனைவிக்கு முதல் கல்யாணத்துல பிறந்தவர், இன்ஜினியரிங்கும் சட்டமும் படிச்ச ஆளு, 1964-ல கோல்ட்ஃபிங்கர்ல ஓரமா நிக்கிற வேஷத்துல ஆரம்பிச்சு படத்துக்குப் படம் எங்கயாவது தலை காட்டுவார். 1983-ல வந்த ஆக்டோபஸியை உதய்ப்பூர்ல எடுத்தப்போ நம்ம மெட்ராஸ்காரர் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் ராக்கெட்டால ரவுடிங்களை அடிப்பாரே, அந்த யூனிட்லயும் அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் இருந்தாங்க. அதாவது வாரிசுன்னு மேல இருந்து வந்து இறங்கினவங்க இல்ல, செட்லயே வளர்ந்தவங்க.

கபிக்கும் ஒரு தடவை கை சோர்ந்துச்சு. 1989-ல லைசன்ஸ் டு கில் அமெரிக்காவுல சரியாப் போகல, எம்ஜிஎம் கைமாறினதுல கோர்ட் கேஸ், 1990-ல கம்பெனியை விக்கறதா வெளியவே சொல்லிட்டார், வாங்க ஆள் அமையல. 6 வருஷம் கழிச்சு 1995-ல கோல்டன்ஐ வந்தப்போ பொறுப்பு அண்ணன் தங்கச்சி கையில, 1996-ல கபி போயிட்டார். பிள்ளைங்களுக்கு அவர் விட்டுட்டுப் போன புத்திமதினு சொல்றது ஒண்ணு உண்டு: இன்னிக்கு இருந்து நாளைக்குப் போற ஆளுங்களை என்னைக்கும் நிக்கிற முடிவை எடுக்க விடாதே. ஸ்டூடியோ ஆபீசருங்களைத் தான் சொல்றார்.

பார்பராவோட ஆர்வத்துக்கு எனக்கு ஒரே சாட்சி போதும். 2002-ல டை அனதர் டே 43 கோடி டாலர் வசூல், அதுவரைக்கும் வந்த பாண்ட்லயே அதிகம். சாதாரண தயாரிப்பாளர் அதே ஹீரோ, அதே மாயமா மறையற கார், இன்னும் ரெண்டு படம்னு போயிருப்பார். இவங்க ஓடற வண்டியை நிறுத்தி பியர்ஸ் ப்ராஸ்னனை அனுப்பிட்டு, டேனியல் க்ரெய்கைக் கொண்டு வந்தாங்க. பொன்னிற முடி பாண்டான்னு நெட்ல பாய்காட் சைட்டே ஆரம்பிச்சாங்க, பார்பரா அசரல. 2006-ல கேசினோ ராயல் வந்தப்புறம் அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டாங்க, 2012-ல ஸ்கைஃபால் 110 கோடி டாலர்.

களைப்பு தெரிய ஆரம்பிச்சது அதுக்குப் பிறகு தான். ஸ்பெக்டர் ஷூட்டிங் ஆரம்பிக்கிற நேரத்துல அதை ரிலீஸ் பண்ற சோனி கம்பெனி ஹேக் ஆகி ஸ்க்ரிப்ட் வெளிய வந்துருச்சு. படம் முடிஞ்சதும் க்ரெய்க் இன்னொரு பாண்டுக்குப் பதிலா கையை அறுத்துக்குவேன்னு பேட்டி குடுத்தார், அவரைச் சமாதானப்படுத்தி கூட்டிட்டு வரவே ரொம்ப நாள் ஆச்சு. 2018 ஆகஸ்ட்ல டைரக்டர் டேனி பாயில் விலகினார். 2020 ஏப்ரல்ல வர வேண்டிய நோ டைம் டு டை கோவிட்னால தள்ளித் தள்ளி 2021 செப்டம்பர் கடைசில தான் வந்துச்சு. கடைசில பாண்டையே சாகடிச்சாங்க. அதைப் பார்த்துட்டு வெளிய வந்தப்போ எனக்குத் தோணினது, இது ஹீரோவுக்கு மட்டும் போட்ட மாலை இல்ல, எடுத்தவங்களும் ஒரு மூட்டையை இறக்கி வைக்கிறாங்கன்னு. சிலர் இதை ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல. 2022-ல பார்பராவே அவசரம் எதுவும் இல்ல, இவன் யாருன்னு முதல்ல இருந்து யோசிக்கணும், ஷூட்டிங்குக்கே குறைஞ்சது 2 வருஷம் ஆகும்னு தான் சொன்னாங்க. இடையில டில் மாதிரி படங்கள், நாடகம்னு அவங்க வேற வேலையும் பார்த்திட்டு தான் இருந்தாங்க.

அந்த நேரத்துல தான் புதுப் பங்காளி உள்ள வந்தது. 2024 டிசம்பர்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, அமேசான் பக்கத்து மேலதிகாரி ஒரு மீட்டிங்ல பாண்டை "கன்டென்ட்"னு சொன்னாங்களாம், பார்பராவுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமா இருந்திருக்கு. நண்பர்கள்கிட்ட அமேசான்காரங்களை நான் இங்க எழுத முடியாத வார்த்தையில திட்டினாங்கன்னும் அதே ரிப்போர்ட்ல இருந்துச்சு. டிவி சீரிஸ் பண்ணலாம், கிளைக்கதை எடுக்கலாம்னு அவங்க கேக்க, இவங்க முடியாதுன்னு சொல்லன்னு அப்படியே கிடந்துச்சு. ஒப்பந்தப்படி இவங்க தலையாட்டாம கதையோ ஹீரோவோ முடிவாகாது, அவங்க பணமும் பங்கும் இல்லாம படம் நகராது. பூட்டின வீட்டுக்கு ஆளுக்கொரு சாவி, ரெண்டையும் சேர்த்துப் போட்டா தான் கதவு திறக்கும்.

வில்சனுக்கு 2025 ஜனவரில 83 வயசு ஆச்சு, பாண்ட் தயாரிப்புல இருந்து விலகற முடிவுல இருந்தார். பார்பரா தனியா அமேசானோட உக்காந்து இன்னும் எத்தனை வருஷம் முடியாதுன்னு சொல்லிட்டே இருக்க முடியும்? பிப்ரவரி 20 அறிவிப்பு வந்துச்சு, உரிமையில பங்கு அவங்களுக்குத் தொடரும், கதை, நடிகர், டைரக்டர் எல்லாம் அமேசான் முடிவு. அன்னிக்கே ஜெஃப் பெசோஸ் அடுத்த பாண்டா யாரைப் போடலாம்னு எக்ஸ்ல ஜாலியா ஒரு கேள்வி போட்டார். க்ரெய்கைப் பிடிக்க பார்பரா எவ்வளவு பேச்சு வாங்கினாங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தப் போஸ்ட்டைப் படிச்சப்போ சுருக்குன்னு இருந்திருக்கும்.

அதனால உங்க கேள்விக்கு, சால்ட்ஸ்மேனும் பார்பராவும் ஒரே மாதிரி வித்துட்டுப் போனவங்க இல்ல. அவர் பாண்ட் ஜோரா ஓடிட்டிருக்கும்போதே வேற எதையோ தேடிப் போனவர், பாண்ட் அவருக்குக் கடன் வாங்க ஒரு பத்திரம். இவங்க வேற எதுக்காகவும் பாண்டை அடகு வைக்கல, தனக்குப் பிடிக்காத ஒண்ணு பாண்ட் பேர்ல வர்றதை விட வராம இருக்கட்டும்னு 3 வருஷம் தடுத்து வச்சாங்க, முடியாதப்போ கையை எடுத்துட்டாங்க. தடுத்து வச்சதும் ஒரு வகையில பாண்டுக்கு நல்லது இல்லன்னு வாதாடலாம், எனக்கே அந்த டவுட் உண்டு, நோ டைம் டு டை முடிஞ்சு இவ்வளவு நாள் ஆகியும் ஒரு ஸ்க்ரிப்ட் கூட நகராம இருந்ததுக்கு அமேசானை மட்டும் திட்ட முடியாது.

இப்போதைக்கு தயாரிப்புக்கு ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும், டைரக்ஷன் டெனி வில்நவ், எழுதறது ஸ்டீவன் நைட். மோசமான கூட்டணி இல்ல. கபி போனதுக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு பாண்ட் படமும் ஆரம்பத்துல "ஆல்பர்ட் ஆர். ப்ராக்கோலியின் ஈயான் ப்ரொடக்‌ஷன்ஸ் வழங்கும்"னு ஒரு வரியோட தான் வரும். ஹீரோ யாரு, வில்லன் யாருங்கிறதெல்லாம் அப்புறம், புதுப்படம் வந்தா நான் முதல்ல தேடப் போறது அந்த வரியைத் தான்.